வெங்காயத்துக்கு யாராவது ஒன்ஸ்மோர் கேட்டதுண்டா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவுதான். எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். பொன்னாடை போர்த்தியவரில் ஆரம்பித்து மைக்கைத் திருகிக் கொடுத்தவர் வரைக்கும் பேர் சொல்லி முடிப்பதற்குள் ஐயா மணியில் கை வைத்துவிடுவார்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 1908ஆம் ஆண்டு பிறந்த கலைஞர்களில் மக்கள் மனதில் நிலைத்து நிற்பவர் உருக வைத்த கே.பி. சுந்தராம்பாளா, சிரிக்க வைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனா? நான் கே.பி.எஸ். அம்மா பக்கம். சீட்டுக் குலுக்கியதில் இந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அதற்கும் இதே ஆவேசத்தோடு பேசியிருப்பேன், அது வேறு விஷயம்.

1908 என்ன லேசுப்பட்ட வருஷமா? அந்த வருஷம்தான் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொதித்தன. ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு. அதே வருஷம் பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பேசுகிறவரைச் சிறைக்கும் பாடுகிறவரை ஊருக்கு வெளியிலும் அனுப்பிவிட்டு, இனி தொந்தரவில்லை என்று வெள்ளைக்காரன் உட்கார்ந்தான். அந்த வருஷம் தொட்டிலில் வந்து விழுந்தது யார் யார் என்று அவனுக்குத் தெரியாதே! ஜூலையில் செம்மங்குடி சீனிவாச ஐயர். அக்டோபரில் கொடுமுடியில் ஒரு பெண் குழந்தை. நவம்பர் 29, நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஒரு ஆண் குழந்தை.

ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவில் டான் பிராட்மன் பிறந்தார். கடைசி டெஸ்டில் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் அவருடைய சராசரி 100. பூஜ்யத்தில் அவுட். 99.94 என்று நின்றுவிட்டது. இதற்கும் நம் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஓரத்தில் நிற்கிற தம்பிகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது என்னைப் பார்க்கிறார்கள். வந்த வேலை முடிந்தது.

கே.பி.எஸ். அம்மாவுக்கும் கலைவாணருக்கும் ஏழு வாரம்தான் வித்தியாசம். எதிரணித் தலைவராக இருக்கும் தம்பி என்னை அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே குத்தினார் இல்லையா? கலைவாணருக்கும் எங்கள் அம்மா அக்காதான். அதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

தம்பி என்ன சொன்னார்? "அழ வைப்பதற்கு ஒரு வெங்காயம் போதும். சிரிக்க வைக்கத்தான் மூளை வேண்டும். அக்கா அணிக்கு நானே ஒரு கிலோ வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், பேசாமல் உட்கார்ந்து உரிக்கட்டும்" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன். நல்ல வசனம். நல்ல வசனத்துக்குத் தட்டாமல் இருக்க எனக்கு மனசு வராது. ஆனால் தட்டிக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். மூன்றாவது வரிசையில் தம்பியின் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் மட்டும் தட்டவில்லை.

தங்கச்சி, கோவித்துக்கொள்ளாதீர்கள். எழுந்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்குவது யார்? கையை மட்டும் காட்டுங்கள்.

பார்த்தீர்களா? தன்னையே காட்டுகிறார்!

தம்பி, இருபது வருஷமாக இன்னொருத்தர் நறுக்கிய வெங்காயத்தைச் சாம்பாரில் மட்டுமே சந்தித்தவர் நீங்கள். வெங்காயக் கண்ணீரைப் பற்றி நீங்கள் பேசலாமா? நறுக்குகிறவளைக் கேளுங்கள், சொல்வாள். அது கண்ணீரே இல்லை. எரிச்சல். மனசுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, குழாயடியில் முகத்தைக் கழுவினால் போச்சு. நான் கேட்கிறேன், இத்தனை காலத்தில் எந்த வீட்டிலாவது, எந்த அடுப்படியிலாவது, யாராவது வெங்காயத்தைப் பார்த்து "ஆகா... ஒன்ஸ்மோர்!" என்று கேட்டதுண்டா?

எங்கள் அம்மாவிடம் கேட்டார்கள் ஐயா. அழுதுகொண்டே கேட்டார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, இன்னொரு தடவை அழ வையுங்கள் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்டார்கள். மறுநாள் பக்கத்து ஊரில் நாடகம் என்றால் அங்கேயும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்டார்கள். வெங்காயத்துக்காக யாராவது வண்டி கட்டியிருக்கிறார்களா? சந்தைக்குக் கட்டியிருப்பார்கள். அதுவும் விலை ஏறினால் திரும்பிவிடுவார்கள்.

சரி, அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சுந்தராம்பாள் அம்மா பிறந்தது வறுமையில். சின்னப் பிள்ளையாக ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கியவர். பெட்டியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சங்கீதம் தெரியுமா, தெரியாதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அவன் மனசு இளக வேண்டும், கை பைக்குள் போக வேண்டும். இதைவிடக் கடுமையான சபா எது? அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே நல்லதங்காள் நாடகம். நல்லதங்காளின் பிள்ளைகளில் ஒருத்தனாக ஆண் வேஷம் கட்டிக்கொண்டு, பசிக்கிறது என்று பாட வேண்டும். பாடினார். கொட்டகை கலங்கிப் போனது.

கலங்காமல் என்ன செய்யும்? மற்றப் பிள்ளைகளுக்குப் பசியை வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி, அழ வைக்க வெங்காயம் போதும் என்றீர்களே, அந்தப் பிள்ளையின் வீட்டில் வெங்காயம் வாங்கவே காசு இருந்திருக்காது!

(கைதட்டுங்கள், தப்பில்லை. அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.)

இன்னொன்று. அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு மாதிரி ஒரு மாதம் ஒத்திகை கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் எங்கேயிருந்தோ வருவார். மேடையில்தான் பார்த்துக்கொள்வார்கள். வேடன் ஒரு பாட்டுப் போட்டால் வள்ளி பதில் பாட்டுப் போட வேண்டும். அவர் சுருதியை ஏற்றினால் இவர் அதற்கு மேலே ஏற வேண்டும். மைக் இல்லாத காலம். பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கிருந்து என்ன பறந்து வரும் என்று சொல்ல முடியாது. அந்த மேடையில் எதிரே நின்றவர் யார்? செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் மேல் ஸ்தாயியில் போய் நின்றால் ஆர்மோனியத்தில் அதற்கு மேல் கட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பார்கள். 1926இல் கொழும்பில் இரண்டு பேரும் முதன்முதலாக ஜோடி சேர்ந்தார்கள். அவருக்கு இருபது, இவருக்குப் பதினெட்டுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அந்தச் சிங்கத்துக்கு எதிரே நின்று சரிக்குச் சரி பாடுவதற்கு மூளை வேண்டாம் என்கிறார் தம்பி. மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டுப் பதில் கட்டுகிறவளுக்கு மூளை வேண்டாமாம். எழுதிக்கொண்டு வந்த சீட்டைப் பார்த்துப் படித்த நமக்குத்தான் வேண்டுமாம். நான் என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன் தம்பி, முறைக்காதீர்கள்.

என்ன ஐயா, ஐந்து நிமிடம் வெங்காயத்துக்கே போய்விட்டதா? போகட்டும். உரிக்க ஆரம்பித்தால் முழுசாக உரித்துவிட வேண்டும்.

அடுத்து அந்த அணியில் இரண்டாவதாகப் பேசியவர் கிந்தனாரைக் கொண்டுவந்தார். இது நிஜமாகவே நல்ல அடி. நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். பண்ணையாளாக இருந்த நந்தன் சிதம்பரம் போக வேண்டும் என்று உருகுகிறார். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாள் தள்ளிப் போகிறது. கடைசியில் தீயில் இறங்கித்தான் தரிசனம். கலைவாணர் இதை எடுத்துத் தலைகீழாக்கிக் கிந்தனார் காலட்சேபம் என்று போட்டார். கிந்தன் சிதம்பரம் போகவில்லை. ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் படித்தான், அதிகாரியாகத் திரும்பி வந்தான். 1949இல் நல்லதம்பி படத்திலும் அது வந்தது. "உங்கள் நந்தன் அழுது தீயில் இறங்கினான், எங்கள் கிந்தன் சிரித்துக்கொண்டே நாற்காலியில் ஏறினான்" என்று அந்தத் தம்பி முடித்தார். கைதட்டல்.

கலைவாணரைக் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய், 1947இல் வெளியே வந்து, ஒரு கசப்பும் காட்டாமல் மறுபடியும் ஊரைச் சிரிக்க வைத்த மனுஷன் அவர். நாகர்கோவிலில் தன் சொந்தக் காசில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பியவர். கை நிறையச் சம்பாதித்துக் கை நிறையக் கொடுத்தவர். நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டார். அந்த மனுஷரோடு எனக்கு என்ன சண்டை? எனக்குச் சண்டை அவருடைய வக்கீல்களோடு.

வக்கீல் தம்பிக்கு ஒரு கேள்வி. கிந்தனார் கேட்டு ஊர் விழுந்து விழுந்து சிரித்ததே, எதனால்? நந்தனார் கதை ஊருக்கே மனப்பாடமாக இருந்ததால். ஒரிஜினலுக்கு அழுதவன்தானே நகலுக்குச் சிரிக்க முடியும்? கிந்தனார் படத்தில் வருவதற்குப் பதினாலு வருஷம் முன்பே, 1935இல், நந்தனாராகத் திரையில் நின்றது யார்? எங்கள் அம்மா. பெண் போய் ஆண் வேஷத்தில், அதுவும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் வேஷத்தில். அப்புறம், கிந்தனை ரயிலேற்றினீர்களே, எங்கள் அம்மா ரயிலிலேயே பாடி வளர்ந்தவர் தம்பி! உங்கள் ஆள் டிக்கெட் எடுத்து ஏறினார், எங்கள் அம்மா டிக்கெட் வாங்கக் காசில்லாத வயதிலேயே ஏறிவிட்டார்.

இது வாதமா என்று நடுவர் ஐயா யோசிப்பது தெரிகிறது. பாதி வாதம், பாதி சமாளிப்பு. மேலே போவோம்.

அந்த நந்தனார் படத்துக்கு அம்மா வாங்கிய சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் ரூபாய். 1935இல்! அவர் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. நடிக்கவே விருப்பமில்லை. முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் படக்காரர்கள் விடவில்லை. இவ்வளவு பெரிய தொகையைச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்து ஒரு லட்சம் என்றாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார். நம்மில் எத்தனை பேர் சம்பளம் ஏற்றிக் கேட்டு, சரி போய் வாருங்கள் என்ற பதிலோடு திரும்பியிருக்கிறோம்! ஏன் நடிக்க விருப்பமில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது தங்கத் தட்டுக்கு வருவோம்.

இந்தக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பரவாயில்லை, நான் சொல்லிக் கேட்டதில்லையே. காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினவர் கே.பி.எஸ். அம்மா. அவரைத் தேசியப் பணிக்கு இழுத்து வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. காந்தியடிகள் அந்தப் பக்கம் வந்தபோது கொடுமுடியில் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மகாத்மா வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். தங்கத் தட்டில் உணவு வைத்தார் அம்மா. காந்தி சாப்பிட்டு முடித்துவிட்டு, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று கேட்டாராம். அம்மா அந்தத் தட்டை அப்படியே கொடுத்துவிட்டார். அங்கேயே ஏலம் விட்டு நிதியில் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். கதை இவ்வளவுதான்.

ஆனால் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் மனசு ஆறாது. மறுபடி வருகிறேன். தாய்மார்களே, இது நம் வீட்டில் நடந்தால் எப்படி இருக்கும்? தங்கத்துக்கு எங்கே போவது, எவர்சில்வர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா வீட்டில் கொடுத்த தட்டு. ஓரத்தில் ஆணியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அப்பா பேரின் முதலெழுத்து, நம் பேர், கல்யாணத் தேதி. பேர் வெட்டியது எதற்கு? பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் வைத்துக் கொடுத்தால் தட்டு பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்கு. வராவிட்டால் நான்காம் நாள் நாமே போவோம். "அக்கா, சும்மாதான் வந்தேன்" என்போம். கண் மட்டும் அவர்கள் வீட்டுப் பாத்திர அலமாரியில் இருக்கும். நம் தட்டு அவர்கள் தட்டுக்கு அடியில் தெரிந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.

இப்போது அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். வயிறாரச் சாப்பிடுகிறார். கை கழுவுகிறார். கழுவிவிட்டு, "தட்டையும் கொடுங்கள், எடுத்துப் போகிறேன்" என்கிறார். நாம் என்ன சொல்வோம்? "ஐயோ, அது பழைய தட்டுங்க, கீறல் விழுந்தது. உங்களுக்குப் புதுசா வாங்கி அனுப்புறேன்." அனுப்புவோமா? ஜென்மத்துக்கும் அனுப்ப மாட்டோம். நம் வீட்டுக்காரர் பெருந்தன்மையாக, "கொடுத்துவிடேன், என்ன இப்போ" என்று ஒரு வார்த்தை சொன்னால், விருந்தாளி போன பிறகு அன்று இரவு அவருக்குச் சாப்பாடு எந்தத் தட்டில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். கேட்டது யார்? ஒன்றும் வைத்துக்கொள்ளாத கிழவர். கொடுத்தது யார்? ஒன்றுமே இல்லாமல் பிறந்த பெண். பசிக்கிறது என்று மேடையில் பாடின வாய் அது. ரயில் பெட்டியில் நீட்டின கை அது. அப்படி நீட்டிய கைக்கு ஒரு நாள் தங்கத் தட்டு வந்து சேர்ந்தால், நானாக இருந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பேன். அம்மா ஒரு நிமிடம்கூட யோசித்ததாகக் கதையில் இல்லை. இத்தனை பேர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள், ஒருத்தராவது "சற்றுத் தயங்கினார்" என்று சேர்க்கவில்லை பாருங்கள். நானும் சேர்க்க மாட்டேன்.

ஐயா முதல் மணி அடித்துவிட்டார். கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன்.

1927இல் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஜோடியைப் பார்க்க ஊர் திரண்டது. சேர்ந்து இருந்தது கொஞ்ச காலம். நடுவில் பிரிவு, மனக்கசப்பு, அவருடைய நோய். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்துவிட்டார். அவருக்கு இருபத்தேழு. அம்மாவுக்கு இருபத்தைந்து. அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுத்தியவர், சாகிற வரைக்கும் அந்தச் சேலைதான். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று முடிவெடுத்தார். படம் வேண்டாம் என்று ஒரு லட்சம் கேட்டது அதனால்தான். அப்புறமும் வந்த வேஷங்களைப் பாருங்கள். நந்தனார், மணிமேகலை, 1953இல் ஔவையார், பூம்புகாரில் கவுந்தி அடிகள். கதாநாயகனோடு டூயட் பாட வேண்டிய வேஷம் ஒன்று உண்டா? ஜெமினியில் வாசன் எடுத்த ஔவையாரில் நடித்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இல்லை. இன்றைக்கு அந்த வயதில் கதாநாயகிகள் கல்லூரிப் பெண்ணாக வருகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. 1969இல் துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது கொடுத்தார்கள். அப்போது அறுபத்தொன்று. 1980ஆம் ஆண்டு காலமானார். கிட்டப்பா போன பிறகு நாற்பத்தேழு வருஷம் அந்த வெள்ளைச் சேலையோடு வாழ்ந்தார்.

என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைப்புக்கு இது தேவையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனால் சொல்லாமல் இறங்க மாட்டேன். அப்பத்தாவுக்கும் கல்யாணமாகிச் சில வருஷத்தில் தாத்தா போய்விட்டார். கையில் என் அப்பா, இடுப்பில் என் அத்தை. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. வீட்டில் ஒரு நல்லது என்றால் அப்பத்தா அடுப்படியைத் தாண்ட மாட்டார். யாரும் வராதே என்று சொல்ல மாட்டார்கள். அவராகவே ஒதுங்கிக்கொள்வார். அவருக்குத் தெரியும், தான் எதிரே வந்தால் நாலு பேர் முகம் மாறும் என்று. யாராவது வெளியூர் கிளம்பினால், அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கதவுக்குப் பின்னாலேயே நிற்பார். பெற்ற மகன் வேலைக்குக் கிளம்பினாலும் அப்படித்தான்.

அந்த அத்தை மகள் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல், வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர். விடிவதற்கு முன்பே மைக் செட்காரர் சாமி பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். திருவிளையாடலில் ஔவையாராக வந்து அம்மா முருகனைக் கூப்பிடுவாரே, அந்தப் பாட்டு. ஊர் முழுக்கக் கேட்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிறார்கள், அந்தப் பாட்டுத்தான் வரவேற்கிறது. வாழைமரம் கட்டுகிறவர், கோலம் போடுகிறவள், எல்லோரும் கேட்கிறார்கள். ஒருத்தர்கூட அபசகுனம் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வருமா? சாமி பாட்டல்லவா!

அப்பத்தா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துருவலைத் திருடிக்கொண்டிருந்தேன். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் அப்பத்தா கையை நிறுத்தினார். "இந்தப் பொம்பளையும் என்னைய மாதிரிதான் தெரியுமாடி. இருபத்தஞ்சு வயசுல வெள்ளைச் சேலை" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"அவளை மட்டும் எப்படிடி வாசல்ல விட்டாங்க?"

ஐயா, நான் முப்பது வருஷமாக மேடையில் பேசுகிறேன். எத்தனையோ பேரின் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னிடம் பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரையும் மாற்ற முடியாத அந்த வயதில், வேப்பமரத்தில் கட்டின குழாய்க்குள்ளிருந்து ஒரு விதவையின் குரல் வாசலுக்கு வந்து, நலங்கு வைக்கிற இடத்துக்கு வந்து, மணமேடைக்கே வந்து நின்றது. உள்ளே வராதே என்று சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை. அன்றைக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் என் அப்பா எழுந்து உள்ளே போனார். அப்பத்தாவின் கையைப் பிடித்து, தேங்காய்த் துருவல் ஒட்டின கையோடு அப்படியே அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். நாலு பேர் முகம் மாறியது. மாறட்டும் என்று விட்டுவிட்டார் அப்பா. அப்பத்தா தலையை நிமிர்த்தவே இல்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. அட்சதையைப் பேத்தி தலையில் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

தம்பி கேட்டார், இதற்கெல்லாம் கே.பி.எஸ். பாட்டுத்தான் காரணமா என்று, இதோ சைகையில் கேட்கிறார். தெரியாது தம்பி. பாட்டுக்கு முன்பும் எங்கள் அப்பா அதே அப்பாதான். ஆனால் அன்றைக்குக் காலையில் அந்தப் பாட்டு ஓடியது, அன்றைக்குத்தான் அவர் எழுந்து போனார். எனக்கு அது போதும். நடுவர் ஐயாவுக்கும் போதும் என்று நினைக்கிறேன், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். ஐயா, எங்கள் அணிக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்களோ போடுங்கள், எதிரணி சொன்ன வாதங்களில் பாதிக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தீர்ப்பு எழுதும்போது என் அப்பத்தாவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வணக்கம்.